தமிழ் வராது என்ற மகளும் மதனப்பள்ளி ஏணியும்

"அப்பா, எனக்குத் தமிழ் வராது."

போன மாதம் ஒரு சனிக்கிழமை. டொராண்டோவில் தமிழ் வகுப்பு முடிந்து திரும்பும்போது பின்சீட்டிலிருந்து மகள் சொன்னது. எட்டு வயது. அழுகை இல்லை, கோபம் இல்லை. வெளியே பனி கொட்டுகிறது என்று சொல்வதுபோல ஒரு தகவலாகச் சொன்னாள். அதையும் நல்ல தமிழில்தான் சொன்னாள் என்பது வேறு விஷயம் :-) பேச வருகிறது. படிக்கத்தான் வரவில்லை.

வீட்டுக்கு வந்ததும் ஐபேடை எடுத்தாள். ஏதோ ஒரு கேம். இருபது தடவை தோற்றாள். இருபத்தோராவது தடவை அந்தக் கட்டத்தைத் தாண்டிவிட்டு எழுந்து குதித்தாள். "எனக்கு கேம் வராது" என்று அவள் ஒருநாளும் சொன்னதில்லை. இரண்டு வருடமாகப் போகிற வகுப்பு அவளிடம் "உன்னால் முடியாது" என்று சொல்லியிருக்கிறது. அந்த கேமோ இருபது தோல்விக்குப் பிறகும் "இன்னொரு தடவை பார், முடியும்" என்கிறது. அன்று ராத்திரி சரியாகத் தூக்கம் வரவில்லை.

நான் பி.காம். படித்த பேங்க் ஆசாமி. கல்வியியல் எல்லாம் தெரியாது. ஆனால் இதே விஷயத்தை முப்பது வருடத்துக்கும் முன்பே யோசித்து, கையால் செய்தும் பார்த்தவர்கள் எங்கள் சித்தூர்ப் பக்கத்தில் இருந்தார்கள். அதைச் சொல்லத்தான் இந்தப் பதிவு. கொஞ்சம் கொசுவத்தி சுத்திக்கொள்கிறேன், பொறுத்துக்கொள்ளுங்கள்.

*

"சித்தூர்க்காரர் என்றால் தமிழா, தெலுங்கா?" என்று இங்கே எல்லோரும் கேட்பார்கள். ரெண்டும்தான். பழைய வட ஆற்காடு, கடப்பை மாவட்டங்களின் தாலுகாக்களைச் சேர்த்து 1911-ல் உருவாக்கிய மாவட்டம் அது. 1953-ல் ஆந்திராவோடு போனது. 1960-ல் திருத்தணி தமிழ்நாட்டுக்கு வந்தது. எங்கள் வீடு அந்தப் பக்கமே நின்றுவிட்டது. ஸ்கூலில் தெலுங்கு, வீட்டில் தமிழ்.

தமிழ் எழுத்தை எனக்கு யாரும் உட்காரவைத்துச் சொல்லித்தரவில்லை. சித்தூர் பஸ் ஸ்டாண்டில் நிற்கும் தமிழ்நாட்டு பஸ்களின் போர்டுதான் என் அரிச்சுவடி. வேலூர். காட்பாடி. திருத்தணி. சரியாகப் படித்தால் தாத்தா வீடு, தப்பாகப் படித்தால் வேறு ஊர். படித்தது சரியா தப்பா என்று சொல்ல வாத்தியார் தேவைப்படவில்லை, பஸ்ஸே சொல்லிவிடும்.

2003-ல் வேலைக்குச் சேர்ந்தேன். முதல் போஸ்டிங் திருப்பதி. பேங்க் பெயர் வேண்டாம். கோவிந்தராஜ சுவாமி கோயில் பக்கம் பூ விற்கிற ஒரு அம்மா மாதத்துக்கு இரண்டு தடவை வருவார். முழக் கணக்கு, வட்டிக் கணக்கு, சில்லறைக் கணக்கு எல்லாவற்றிலும் என்னைவிட வேகம். ஆனால் பணம் எடுக்கிற அன்று மட்டும் வித்டிராயல் ஸ்லிப்பைக் கையில் வைத்துக்கொண்டு தூண் ஓரமாக நிற்பார். இங்கிலீஷிலும் ஹிந்தியிலும் அச்சடித்த ஸ்லிப். "நாயனா, கொஞ்சம் எழுதிக்குடு" என்று தெலுங்கில் கெஞ்சலாகக் கேட்பார்.

நான் எழுதிக்கொடுப்பேன். உதவி செய்கிறோம் என்று மனசுக்குள் ஒரு பெருமை வேறு. வெளியே கெட்டிக்காரியாக இருந்தவர் வாசலைத் தாண்டி உள்ளே வந்ததும் ஒன்றும் தெரியாதவராக ஆகிறாரே, ஆள் அதே ஆள்தானே, அப்படி ஆக்கியது அந்தத் துண்டுச் சீட்டுதானே என்று எனக்கு அப்போது உறைக்கவில்லை. மதனப்பள்ளிப் பக்கம் போனபிறகுதான் உறைத்தது.

*

அடுத்த வருடம் பயிர்க்கடன் இன்ஸ்பெக்‌ஷனுக்காக அந்தப் பக்கத்துக் கிராமம் ஒன்றுக்குப் போயிருந்தேன். வெயிலுக்கு ஒதுங்க இடம் தேடியபோது மரங்களுக்கு நடுவே ஒரு சின்னப் பள்ளிக்கூடம். ஒரே அறை, ஒரே ஆசிரியர். ஒன்றாம் வகுப்பிலிருந்து ஐந்தாம் வகுப்பு வரை கலந்து இருபத்துச் சொச்சம் பிள்ளைகள்.

சந்தைக்கடை மாதிரி இருக்கும் என்று நினைத்தேன். இல்லை. தரையில் சின்னச் சின்னக் கூட்டமாக உட்கார்ந்து ஆளுக்கொரு அட்டையோடு வேலை செய்துகொண்டிருந்தார்கள். ஆசிரியரும் தரையில்தான். ஒரு பையன் என்னைச் சுவருக்குக் கூட்டிப்போய் அங்கே ஒட்டியிருந்த படத்தைக் காட்டினான். கீழிருந்து மேலே போகிற படிகள், ஒவ்வொரு படியிலும் சின்னச் சின்னச் சித்திரங்கள். ஒன்றில் விரலை வைத்துச் சொன்னான்: "நேனு இக்கட உன்னா." நான் இங்கே இருக்கிறேன்.

ராங்க் சொல்லவில்லை, மார்க் சொல்லவில்லை. எங்கே ஆரம்பித்தேன், எங்கே நிற்கிறேன், அடுத்தது எது என்பது அந்தப் பையனுக்குத் தெரிந்திருந்தது. என் பேங்க் கஸ்டமர்களில் எத்தனை பேருக்கு அது தெரியும்?

விசாரித்தபோது ரிஷிவேலிப் பள்ளியோடு சேர்ந்த கிராமப் பள்ளி என்றார்கள்.

*

ஜே. கிருஷ்ணமூர்த்தி பிறந்தது மதனப்பள்ளியில், 1895-ல். பக்கத்துப் பள்ளத்தாக்கில் அவர் 1920-களில் இடம் தேர்ந்தெடுத்து உருவானது ரிஷிவேலி. 2022 மாவட்டப் பிரிப்பு வரை அது சித்தூர் மாவட்டம். வசதியுள்ள பிள்ளைகள் தங்கிப் படிக்கிற பள்ளி. சுற்றியிருந்த கிராமங்களோ வானம் பார்த்த பூமி, வேர்க்கடலை, ஆடு. 1980-களின் பிற்பகுதியில் பத்மநாப ராவ், ராமா தம்பதி அந்தக் கிராமப் பிள்ளைகளுக்கான கல்வி வேலையைக் கையில் எடுத்தார்கள்.

அவர்கள் கேள்வி கேட்டது பாடப்புத்தகத்தை. ஒரு வகுப்புக்கு ஒரு ஆசிரியர், எல்லாப் பிள்ளைகளும் தினமும் வருவார்கள், எல்லோரும் ஒரே வேகம் என்று நம்பித்தான் பாடப்புத்தகம் எழுதப்படுகிறது. கிராமத்தில் இந்த மூன்றுமே கிடையாது. கடலை பிடுங்க இரண்டு வாரம் போன பையன் திரும்பி வரும்போது வகுப்பு நாலாம் பாடத்திலிருந்து ஏழாம் பாடத்துக்குப் போயிருக்கும். அவனுக்கு ஒன்றும் புரியாது. மக்கு என்பார்கள். கொஞ்ச நாளில் அவனே நம்பிவிடுவான். அப்புறம் ஆடு மேய்ப்பதே மேல்.

எனவே புத்தகத்தைப் பிரித்து அட்டைகளாக்கினார்கள். ஒவ்வொரு சின்னத் திறமைக்கும் ஒரு வரிசை: அறிமுகம், பயிற்சி, சோதனை, தடுமாறினால் கைகொடுக்க ஒரு அட்டை, தாண்டிவிட்டால் மேலே விளையாட ஒரு அட்டை. எல்லாவற்றையும் கோத்து ஒரு ஏணி. சித்திரத்தையும் எண்ணையும் பார்த்துப் பிள்ளையே தன் அட்டையை எடுக்கலாம். இரண்டு வாரம் கழித்து வந்தாலும் விட்ட படி அங்கேயே காத்திருக்கும். யாரும் பின்தங்குவதில்லை, ஏனென்றால் "பின்" என்று ஒன்று இல்லை. 1993 வாக்கில் இதற்கு "பெட்டிக்குள் ஒரு பள்ளி" என்ற பெயர் வந்தது.

வானத்திலிருந்து குதித்த யோசனை அல்ல. 1939-ல் தியோசாபிகல் சொசைட்டி அழைப்பில் அடையாறுக்கு வந்த மரியா மாண்டிசோரியின் உருளைக் கட்டைகளிலேயே இது உண்டு. ஒன்றைத் தப்பான குழியில் போட்டால் கடைசியில் ஒன்று பொருந்தாமல் மிஞ்சும். தப்பை டீச்சர் சொல்ல வேண்டாம், கட்டையே சொல்லும் (என் வேலூர் பஸ் மாதிரி). ரிஷிவேலியில் பாடம் நடத்திய டேவிட் ஹார்ஸ்பரோ 1972-ல் பக்கத்துக் கோலார் மாவட்டத்தில் நீல்பாக் என்ற பள்ளியைத் தொடங்கி, வயது கலந்த பிள்ளைகளை அவரவர் வேகத்தில் படிக்கவிட்டார். ரிஷிவேலிக்காரர்கள் செய்தது, அதை ஒரு சாதாரணக் கிராம ஆசிரியர் தனியாக நடத்தக்கூடிய பொருளாக மாற்றியது.

அந்தப் பள்ளிகளில் "மெட்ரிக் மேளா" என்று ஒன்று நடக்கும். பிள்ளைகள் கடை போட்டு, ஊர்ப் பெரியவர்களின் உயரம், எடை எல்லாம் அளந்து சொல்வார்கள். படிக்காத அப்பா தராசில் ஏறி நிற்க, மகள் எழுதிக் காட்டுவாள். தனக்கு ஒன்று வரும் என்பதை இதைவிடத் தெளிவாக ஒரு பிள்ளைக்கு எப்படிக் காட்டுவது?

*

நம்மில் பலருக்கு இந்தக் கதையின் அடுத்த பகுதி தெரிந்திருக்கும். கர்நாடகாவில் ஹெச்.டி. கோட்டே தாலுகாவில் 1995-ல் "நலி கலி" தொடங்கியது இந்த வழியில்தான். சென்னையில் மாநகராட்சி ஆணையராக இருந்த எம்.பி. விஜயகுமார் காலத்தில் ஆசிரியர்கள் ரிஷிவேலிக்குப் போய்ப் பார்த்து வந்து, 2003-ல் 13 மாநகராட்சிப் பள்ளிகளில் செயல்வழிக் கற்றலைத் தொடங்கினார்கள். 2007-08-ல் அது தமிழ்நாடு முழுக்க 37 ஆயிரத்துக்கும் மேற்பட்ட அரசுத் தொடக்கப் பள்ளிகளுக்குப் போனது. தரையோடு ஒட்டிய கீழ்மட்டக் கரும்பலகை, பிள்ளைகள் வரைந்ததைத் தொங்கவிடக் கம்பிப் பந்தல், அட்டைகள் அடுக்கிய ராக்... ஊரில் டீச்சராக இருக்கிற அத்தையோ சித்தியோ இருந்தால் கேட்டுப் பாருங்கள், கதை கதையாகச் சொல்வார்கள்.

பாராட்டும் சொல்வார்கள், திட்டவும் செய்வார்கள். ரிஷிவேலியில் பயிற்சிக்கு வந்த ஆசிரியர்களுக்கு அட்டையை அப்படியே எடுத்துப்போகக் கொடுக்காமல், உங்கள் ஊருக்கு, உங்கள் மொழிக்கு நீங்களே செய்யுங்கள் என்றார்கள். செய்து பார்த்தால்தான் ஒரு படி ஏன் அங்கே இருக்கிறது என்று புரியும். 37 ஆயிரம் பள்ளிகளுக்குப் போகும்போது அச்சடித்த அட்டைதான் போக முடிந்தது. பிள்ளைக்கு "எனக்கு வரும்" என்ற உணர்வைத் தந்த அதே பொருள், சில இடங்களில் ஆசிரியரை அட்டை எடுத்துக்கொடுக்கும் குமாஸ்தாவாக ஆக்கிவிட்டது. பயன்படுத்துகிறவர் என்றால் பிள்ளை மட்டும் இல்லையே, ஆசிரியரும்தானே. 2022-ல் ஒன்று முதல் மூன்றாம் வகுப்பு வரை எண்ணும் எழுத்தும் திட்டம் வந்தது.

*

சரி, டொராண்டோவுக்கு வருவோம்.

வகுப்பு டீச்சர் மேல் எனக்கு ஒரு குறையும் இல்லை. பனியில் சம்பளமில்லாமல் வந்து சொல்லித்தருகிறார். ஆனால் அங்கேயும் பாடப்புத்தகம்தான். எங்கள் பெண் காய்ச்சலில் இரண்டு வாரம் போகவில்லை. அந்தக் கடலை பிடுங்கப்போன பையன் கதைதான்.

நானே ஒரு ஏணி செய்தேன். கம்ப்யூட்டரில் அடித்து, கலர் பிரிண்ட் எடுத்து, லேமினேட் எல்லாம் செய்து. அவள் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. வீட்டம்மா கேட்டார், "இது யாருக்கு? உங்களுக்கா, அவளுக்கா?" அச்சடித்த அட்டையை அனுப்பிவைத்த ஆபீசர் நான்தான் என்று அப்போது புரிந்தது.

இரண்டாவது தடவை வெற்று அட்டையும் ஸ்கெட்ச் பேனாவும் மட்டும் வைத்தேன். அ, ஆ-விலிருந்து தொடங்கவில்லை. ட, ப, ம, ஒரு புள்ளி. அவ்வளவுதான். படம், மடம், பட்டம், மட்டம் என்று நாலு சொல் வந்துவிட்டது. அடுத்த படியில் ர. மரம், ரம்பம், பம்பரம். படங்களை அவளே வரைந்தாள். பம்பரம் வெங்காயம் மாதிரி இருந்தது, திருத்தவில்லை. ஃப்ரிட்ஜ் கதவில் ஏணி, ஒரு காந்தம். அதை நகர்த்துவது அவள் மட்டும்தான்.

இப்போது ஏழாவது படி. கொம்பு எழுத்துகளில் மாட்டிக்கொண்டு நிற்கிறாள். கெ, கே குழப்பம் இன்னும் தீரவில்லை. வேகமாகப் படிப்பாளா, அடுத்த வருடமும் தொடர்வாளா, தெரியாது. ஆனால் "வராது" என்ற சொல் இந்த மாதம் வீட்டில் கேட்கவில்லை. போன ஞாயிறு சித்தூரில் இருக்கும் அம்மாவோடு வீடியோவில் பேசும்போது போனைத் தூக்கிக்கொண்டு ஃப்ரிட்ஜுக்கு ஓடினாள். காந்தத்தைத் தொட்டுக் காட்டி, "பாட்டி, நான் இங்க இருக்கேன்!" என்றாள்.

உங்கள் வீட்டுப் பிள்ளைகள் எந்தப் படியில் இருக்கிறார்கள்? என்ன செய்து பார்த்தீர்கள், எது தோற்றது? பின்னூட்டத்தில் சொல்லுங்கள். தோற்றதைத்தான் முக்கியமாக.