ஏரி வாரியத்தில் யாருக்கு இடம்?

ஆறு தானே உண்டாவது. ஏரி மக்கள் உண்டாக்குவது. ஆகவே எந்த ஏரியைப் பற்றிப் பேசினாலும், அதை ஆக்கியவர் யார், காப்பவர் யார், அதன் கரையில் குடியிருக்க உரிமை பெற்றவர் யார் என்று கேட்பது முறையேயாகும்.

உத்தரமேரூர்க் கல்வெட்டுகளை நம்மவர் பெருமையோடு எடுத்துரைப்பர். முதற் பராந்தக சோழன் காலத்தில், கி.பி. 919, 921 ஆகிய ஆண்டுகளில் பொறிக்கப்பட்ட அவை, ஏரியைப் பேண ஏரி வாரியம் என்றொரு குழு குடவோலை முறையில் தேர்ந்தெடுக்கப்பட்டதைத் தெரிவிக்கின்றன. நல்ல ஏற்பாடுதான். ஆனால் அவ்வாரியத்தில் அமர்வதற்குச் சொந்த நிலமும் வேதப் பயிற்சியும் வேண்டுமென்று அதே கல் விதிக்கிறது. மண் சுமந்தவனுக்கு அங்கே ஓலையில்லை.

அக்கல் பொறித்து ஆயிரம் ஆண்டுகள் கழிந்தபின், கடல் கடந்த மலாயாவில் இன்னொரு கதை தொடங்கியது. கோலாலம்பூருக்குத் தெற்கே, முதல் உலகப் போரிலிருந்து திரும்பிய பிரிட்டிஷ் அதிகாரிகள் 1921-ல் ஒரு ரப்பர்த் தோட்டம் அமைத்தனர். பெரும் போர் என்று பொருள்பட மலாய் மொழியில் ‘பிராங் பெசார்’ எனப் பெயரிட்டனர். அங்கே உருவாக்கிய ரப்பர் இனங்கள் ‘பி.பி.’ என்னும் முதலெழுத்துகளைத் தாங்கிப் பல நாடுகளுக்கும் சென்றன. அம்மரங்களில் பால் வெட்டிய தமிழ்க் குடும்பங்களோ தலைமுறை தலைமுறையாக லயத்து வீடுகளிலேயே வாழ்ந்தன.

1993-ல் சர்க்கார் தன் புதிய நிர்வாகத் தலைநகருக்கு இவ்விடத்தைத் தேர்ந்தது. அதுவே புத்ராஜெயா. சுவாவ், பீசா ஆறுகளின் நீரைத் தேக்கி, ஏறத்தாழ 400 ஹெக்டேர் பரப்பில் ஏரி அமைக்கப்பட்டது. மேற்புறத்து நிலங்களிலிருந்து உரமும் அழுக்கும் கலந்துவரும் நீர் அப்படியே ஏரியிற் சேர்ந்தால், பாசி பெருகி ஏரி கெடும். இதைத் தடுக்க 1997, 1998 ஆண்டுகளில் சுமார் 200 ஹெக்டேர் சதுப்பு நிலம் உண்டாக்கப்பட்டது. 24 பாத்திகளில் நாணலும் கோரையும் நட்டனர். நீர் ஒவ்வொரு தடுப்பணையாகத் தயங்கி இறங்குகையில் வண்டல் படிகிறது. உரச்சத்தை வேர்களும் நுண்ணுயிர்களும் உண்டுவிடுகின்றன. பறவைகளும் வந்து தங்குகின்றன. இவ்வேலையின் அறிவுடைமையை நாம் குறை கூறவில்லை; மனமாரப் பாராட்டுகிறோம்.

ஆயினும் நாணலுக்கு இடம் வகுத்த அந்நாட்களில் மனிதருக்கு என்ன நேர்ந்தது? பிராங் பெசார், காலோவே, செட்ஜ்லி, மேடிங்லி ஆகிய நான்கு தோட்டங்களிலிருந்து ஏறத்தாழ 400 குடும்பங்கள் பெயர்க்கப்பட்டு, டிங்கிலில் தாமான் பெர்மாத்தா அடுக்குமாடிகளில் குடியேற்றப்பட்டன. சுவரில் வெடிப்பு, கூரையில் ஒழுக்கு என்று அவர்கள் முறையிட்டார்கள். வாக்களித்த தரைவீடு எங்கே என்று இருபதாண்டுகளுக்கு மேலாகக் கேட்டார்கள். கோரைக்கு எவ்வளவு ஆழம் நீர் வேண்டுமென்று கணக்கிட்ட நாட்டிற்கு, ஒரு குடும்பத்திற்கு எத்தகைய வீடு வேண்டுமென்று கணக்கிடவா தெரியாது?

“ஏரி வேண்டுமா, குடிகள் வேண்டுமா?” என்று சிலர் கேட்கலாம். அது பொய்யான கேள்வி. ஏரியால் எல்லோருக்கும் நன்மையென்றால், அந்நன்மைக்கான விலையை ஏழை மட்டும் செலுத்துவானேன்? திட்டச் செலவில் குடிகளின் வீட்டை முதல் இனமாக எழுதியிருக்கலாம். கரைக்குப் பக்கத்திலேயே அவர்களுக்கு மனை வகுத்திருக்கலாம். அம்மண்ணின் மேடுபள்ளத்தையும் ஓடைகளையும் அறிந்தவர்களுக்குக் கரை காக்கும் வேலையில் முதலிடம் தந்திருக்கலாம்.

கிள்ளான் பள்ளத்தாக்கில் ஈயச் சுரங்கங்கள் விட்டுச்சென்ற குட்டைகள் ஏராளம். அவற்றுள் ஒன்றே தித்திவங்சா ஏரிப் பூங்காவாக எழில் பெற்றது. இனியும் பல கரைகள் சீர்செய்யப்படும், செய்யப்படவும் வேண்டும். ஆனால் வரைபடத்தில் முதற்கோடு இழுக்குமுன், அக்கரையில் அடுப்பெரிப்பவர்கள் வாரியத்தில் அமர்ந்திருக்கிறார்களா என்று பார்ப்போமாக. உத்தரமேரூர்க் கல்லிலுள்ள குறையை மீண்டும் ஒருமுறை பொறிக்க வேண்டிய அவசியம் நமக்கில்லை.