பிடாடரி: கல்லறை நிலம் குடியிருப்பான கதை

1965இல் சிங்கப்பூரின் பரப்பளவு சுமார் 580 சதுர கிலோமீட்டர்தான். வீடு, தொழிற்பேட்டை, நீர்த்தேக்கம், விமான நிலையம், ராணுவப் பயிற்சிக்களம் எல்லாமே அதற்குள் அடங்கணும். அதனால்தான் 1971இன் முதல் நீண்டகால நிலத் திட்டம் பல பத்தாண்டுகளை முன்கூட்டியே யோசித்தது. நடுவே நீர்ப்பிடிப்புப் பகுதி, அதைச் சுற்றிப் புதுநகர்கள் என்பது அதன் அமைப்பு.

இந்த முன்யோசனைக்கு ஒரு விலையும் உண்டு. பிடாடரி இடுகாட்டையே எடுத்துக்கொள்ளுங்கள். கிறிஸ்தவர், முஸ்லிம், இந்து என எல்லாருக்கும் அங்கே இடம் இருந்தது. 1972இல் அது மூடப்பட்டது. 2001 முதல் 2006 வரை ஒரு லட்சத்துக்கும் மேற்பட்ட கல்லறைகள் தோண்டி அகற்றப்பட்டன. சில கல்லறைக் கற்கள் மட்டும் நினைவுத் தோட்டத்தில் மிஞ்சின. பக்கத்தில் உட்லீ ரயில் நிலையம் 2003லேயே தயார். ஆனால் ஆள் நடமாட்டம் போதாமல் 2011இல்தான் திறந்தது. இப்போது அங்கே அடுக்குமாடி வீடுகள் எழுந்துவிட்டன.

1998 முதல், புதைத்து 15 ஆண்டு ஆனதும் கல்லறையைத் தோண்டி எடுப்பது விதியானது. ஆக, இறந்தவர் இருப்பவருக்கு இடம் விடுகிறார். இது நியாயமா, இழப்பா? வகுப்பில் மாணவர்களையே இரு அணியாகப் பேச விடுங்கள். வரலாறு அங்கே உயிர் பெறும்.