இறாலும் கிரிட்ஸும்

அமெரிக்காவின் தென் கரோலினா, ஜார்ஜியா மாநிலங்களின் கடலோரத் தாழ்நிலப் பகுதிக்குரிய மரபு உணவு. உலர்ந்த மக்காச்சோளத்தைக் கொரகொரப்பாக உடைத்துக் காய்ச்சும் கெட்டிக் கஞ்சியே கிரிட்ஸ். ஐரோப்பியக் குடியேறிகள் இதைப் பூர்வகுடிகளிடம் கற்றனர். இறால் பிடிப்போர் வீடுகளில் எளிய காலை உணவாக இருந்த இறால்-கிரிட்ஸின் வளர்ச்சியில், அடிமைகளாகக் கொண்டுவரப்பட்ட ஆப்பிரிக்கர்களின் வழிவந்த கல்லா கீச்சி மக்களுக்குப் பெரும் பங்குண்டு. வட கரோலினாவின் சாப்பல் ஹில்லில் சமையல்காரர் பில் நீல் செய்த இந்த உணவைப் பற்றி 1985இல் உணவு எழுத்தாளர் கிரெய்க் கிளைபோர்ன் நியூயார்க் டைம்ஸில் எழுதியபின், நாடெங்கும் உணவகங்கள் இதை எடுத்துக்கொண்டன.

வீட்டில் சமைக்கும்போது பொறுமை வேண்டியது கஞ்சிக்குத்தான். கல் எந்திரத்தில் திரித்த மக்காச்சோள ரவை ஒரு பங்குக்கு நீர் நான்கு பங்கு. சிறுதீயில் முக்கால் மணி நேரமாவது கிளறி, உப்பும் வெண்ணெயும் விரும்பினால் செடார் சீஸும் சேர்ப்பர். உடனடி ரவையில் நேரம் மிச்சம், சோள மணம் நஷ்டம். பேக்கன் எனும் உப்பிட்ட பன்றியிறைச்சித் துண்டுகளை வறுத்து எடுத்து, அதே கொழுப்பில் ஓடும் குடலும் நீக்கிய இறாலை இரண்டு மூன்று நிமிடம் புரட்டினால் போதும், மிஞ்சினால் ரப்பர். நீல் முறையில் காளான், பூண்டு, வெங்காயத்தாள், எலுமிச்சைச் சாறும் உண்டு. இறால் ஓடுகளைக் கொதிக்கவைத்து வடித்த சாற்றைக் குழம்புக்குப் பயன்படுத்துவோரும் உண்டு.

அகன்ற குழித்தட்டில் கஞ்சியைப் பரப்பி, நடுவே இறாலைக் குழம்போடு ஊற்றி, வறுத்த பேக்கனும் வெங்காயத்தாளும் தூவுவர். கஞ்சி ஆறினால் இறுகிவிடும் என்பதால் சுடச்சுடப் பரிமாறுவதே வழக்கம்.