ஒரு பைசாவும் பதினைந்து நிமிடமும்

இதுவரை ஐந்து அணிகளில் நிரலாளராக வேலை பார்த்திருக்கிறேன். ஐந்திலும் காலையில் ஸ்டாண்டப் நடந்தது. ஸ்பிரின்ட், பேக்லாக், ரெட்ரோ எல்லாம் ஐந்திலும் அன்றாடப் பேச்சு. நிரலின் சிறு பகுதியைத் தனியாகச் சோதிக்கும் யூனிட் டெஸ்ட் எழுதும் வழக்கம் மட்டும் இரண்டில்தான் இருந்தது. இவை யாவும் அஜைல் என்ற ஒரே பெயரில் நமக்கு அறிமுகமானவை. அப்படியிருக்க, கூட்டங்கள் எங்கும் பரவின, சோதனைகள் ஏன் பாதி வழியில் நின்றுவிட்டன? ஸ்க்ரம், எக்ஸ்ட்ரீம் புரோகிராமிங் என்ற இரண்டு முறைகளையும் அவை பிறந்த இடத்திலிருந்து பார்த்தால் இதற்கு விடை கிடைக்கும் என்று நினைக்கிறேன்.

ஸ்க்ரமின் வேர் மென்பொருளில் இல்லை. 1986-இல் ஹிரோடாகா டாகேயுச்சி, இகுஜிரோ நோனாகா என்ற இரு ஜப்பானிய அறிஞர்கள் ஹார்வர்டு பிசினஸ் ரிவ்யூவில் ஒரு கட்டுரை எழுதினார்கள். ஹோண்டா, கேனன், ஃபியூஜி ஜெராக்ஸ் போன்ற நிறுவனங்கள் புதிய பொருள்களை உருவாக்கிய விதத்தை ஆராய்ந்து, ரக்பி ஆட்டக்காரர்கள் பந்தைக் கைமாற்றியபடி அணியாகவே முன்னேறுவதோடு அதை ஒப்பிட்டார்கள். 1993-இல் ஜெஃப் சதர்லேண்ட் அந்த எண்ணத்தை மென்பொருள் வேலைக்குக் கொண்டுவந்தார். 1995-இல் அவரோடு சேர்ந்து இயங்கிய கென் ஷ்வேபர் ஊப்ஸ்லா மாநாட்டில் அதை ஒரு முறையாக முன்வைத்தார். யார் எப்போது கூடுவது, எதை முதலில் எடுப்பது, எடுத்ததை எத்தனை நாளில் முடித்துக் காட்டுவது என்பவைதான் அதன் கவலைகள். 2020-இல் வந்த ஸ்க்ரம் கையேடு, ஸ்பிரின்ட் என்ற வேலைச் சுற்று ஒரு மாதத்துக்கு மேல் போகக் கூடாது என்கிறது. ஸ்டாண்டப் என்ற தினசரிக் கூட்டத்துக்கு 15 நிமிடம். அணியில் பொதுவாக 10 பேருக்கு மேல் வேண்டாம். யூனிட் டெஸ்ட் என்ற சொல்லை அதில் தேடினால் கிடைக்காது. இது மறதியால் விட்டது அல்ல. நிரலை எப்படி எழுதுவது என்பதை அணியிடமே விட்டுவிட வேண்டும் என்பது அவர்கள் தெரிந்தே எடுத்த முடிவு.

எக்ஸ்ட்ரீம் புரோகிராமிங் பிறந்தது விசைப்பலகையின் முன்னால். கிறைஸ்லர் கார் நிறுவனத்தில் சம்பளக் கணக்குக்கான மென்பொருள் ஒன்று இழுபறியில் இருந்தபோது, 1996-இல் கென்ட் பெக் என்ற நிரலாளர் அங்கே போனார். ரான் ஜெஃப்ரீஸும் வந்து சேர்ந்தார். சோதனையை எழுதிக்கொண்டே நிரலை எழுதுவது, இருவர் ஒரே திரையில் சேர்ந்து எழுதுவது, எழுதியதை அடிக்கடி ஒன்றுசேர்த்துப் பார்ப்பது, நிரலின் வடிவத்தை இடைவிடாமல் சீர்செய்வது என்று அங்கே கைவந்த பழக்கங்களை 1999-இல் பெக் ஒரு நூலில் 12 ஆகத் தொகுத்தார். 1997-இல் சூரிச்சிலிருந்து அட்லாண்டாவுக்குப் பறந்த விமானத்தில், பெக்கும் எரிக் காமாவும் அருகருகே அமர்ந்து எழுதத் தொடங்கிய சிறு நிரல்தான், ஜாவாவில் யூனிட் டெஸ்ட்களை ஓட்டும் ஜேயூனிட். இன்று ஜாவா எழுதுகிறவர்கள் தினமும் தொடுவது அதன் வழித்தோன்றலை.

2001 பிப்ரவரியில் அமெரிக்காவின் யூட்டா மாநிலத்தில், ஸ்னோபேர்ட் என்ற பனிச்சறுக்கு விடுதியில் 17 பேர் கூடி அஜைல் பிரகடனத்தை எழுதினார்கள். பெக், ஜெஃப்ரீஸ், சதர்லேண்ட், ஷ்வேபர் நால்வரும் அதில் இருந்தார்கள். அதன் பிறகு இரண்டு முறைகளும் ஒரே பெயருக்குள் வந்துவிட்டன.

பெயர் ஒன்றானாலும் உள்ளே நுழைவதற்கான செலவு ஒன்றாகவில்லை. ஸ்க்ரமை ஒரு திங்கட்கிழமை காலையில் தொடங்கிவிடலாம். இரண்டு நாள் பயிற்சி, ஒரு சான்றிதழ், சுவரில் ஒரு பலகை போதும். நடப்பதை மேலாளர் கண்ணாலேயே பார்க்கலாம். யூனிட் டெஸ்ட் அப்படியல்ல. பழைய நிரலில் அதை எழுத உட்கார்ந்தால், முதல் நாளே ஒரு ஃபங்ஷனைத் தனியாகப் பிரித்தெடுக்க முடியாமல் டேட்டாபேஸ் வரை இழுத்துக்கொண்டு வரும். அன்றைக்கு வேலை மெதுவாகிறது, பலன் ஆறு மாதம் கழித்துத் தெரிகிறது. அந்தப் பலனும் வராமல் போன ஒரு பிழையாக இருப்பதால் யார் கண்ணிலும் படுவதில்லை.

நான் கண்ணெதிரே கண்ட ஒன்றைச் சொல்கிறேன். பில்லிங் மென்பொருள். ஒரு பில்லில் ஒரே விலையில் மூன்று பொருள், மொத்தத் தள்ளுபடி 100 ரூபாய். அதை மூன்றாகப் பிரித்துப் பைசாவுக்குச் சுருக்கினால் ஒவ்வொரு பொருளுக்கும் 33.33. கூட்டினால் 99.99. ஒரு பைசா குறைகிறது. மாதக் கடைசியில் வாடிக்கையாளரின் கணக்குப் பிரிவு, தொகை ஒட்டவில்லை என்று எழுதியது. எங்களில் ஒருவர் அன்றே சரிசெய்தார்: மிச்சம் எவ்வளவோ அதைக் கடைசிப் பொருளில் சேர்க்கும் ஒரே ஒரு வரி. ஸ்பிரின்ட் முடிய ஒரு நாள்தான் இருந்தது, டெஸ்ட் எழுதவில்லை. மறுநாள் ஸ்டாண்டப்பில் "முடிந்தது" என்றார். அது உண்மையும்கூட.

இரண்டு ஸ்பிரின்ட் கழித்து இன்னொருவர் அந்த ஃபங்ஷனை ஒழுங்குபடுத்தினார். கடைசிப் பொருளுக்கு மட்டும் தனியாக ஒரு வரி எதற்கு என்று அவருக்குப் புரியவில்லை. முதலில் எழுதியவர் அப்போது வேறு அணிக்குப் போயிருந்தார். வரி நீங்கியது, பைசா மறுபடி தொலைந்தது, கணக்குப் பிரிவிலிருந்து மறுபடி கடிதம் வந்தது. இடையில் இருபது ஸ்டாண்டப் நடந்திருக்கும். ஒவ்வொன்றிலும் எல்லாரும் நேர்மையாகத்தான் பேசினார்கள். ஆனால் அந்த வரி ஏன் இருக்கிறது என்பது யாருடைய நினைவிலும் இல்லாதபோது, எந்தக் கூட்டத்தில் அது பேச்சுக்கு வரும்?

பிறகு எழுதிய டெஸ்ட் ஆறே வரி. 100-ஐ மூன்றாகப் பிரி, 33.33, 33.33, 33.34 வர வேண்டும். கூட்டினால் 100 வர வேண்டும். ஓடி முடிய ஒரு கண்சிமிட்டல்கூட ஆகாது. அந்த வரியை இனி யார் எடுத்தாலும் பில்ட் சிவப்பாகும்.

ஸ்பிரின்ட் இரண்டு வாரம் என்றால், ஸ்க்ரம் இரண்டு வாரத்துக்கு ஒரு முறை மாற்றத்தை அழைக்கிறது. அது நல்லது. ஆனால் முதல் ஸ்பிரின்டில் 10 திரை என்றால் பத்தாவதில் 100 திரை ஆகிவிடுகிறது, ஸ்பிரின்ட் மட்டும் அதே இரண்டு வாரம். பழைய 90 திரைகளையும் கையால் சோதிப்பது யார்? நான் பார்த்த அணிகளில் அந்தச் சுமை கடைசி வெள்ளிக்கிழமை இரவில் டெஸ்டரின் தலையில்தான் விழுந்தது. இது எனக்கு அப்போதும் வருத்தமாக இருந்தது, இப்போதும் இருக்கிறது. ஸ்க்ரமை எடுத்துக்கொண்டு தொழில்நுட்பப் பழக்கங்களைக் கைவிட்ட அணிகளில் நிரல் சிக்கலாகி வேலை மந்தப்படுகிறது என்று, பிரகடனத்தை எழுதிய 17 பேரில் ஒருவரான மார்ட்டின் ஃபவுலர் 2009-இலேயே எழுதினார். குறுகிய சுழற்சி என்ற வாக்குறுதியைத் தாங்குகிற தூண் எக்ஸ்ட்ரீம் புரோகிராமிங்கிடம் இருக்கிறது. ஸ்க்ரம் அதைக் கையில் வைத்திருக்கவில்லை.

சோதனைகளுக்கும் எல்லை உண்டு. கிறைஸ்லரின் அந்த மென்பொருள் 1997-இல் சுமார் 10,000 பேருக்குச் சம்பளம் கணக்கிடத் தொடங்கியது. சோதனைகள் ஏராளமாக இருந்தும், 2000-இல் திட்டம் நிறுத்தப்பட்டது. நிரல் சொன்னபடி நடக்கிறதா என்பதற்கே டெஸ்ட் பதில் சொல்லும். அதை நடத்துவது தேவையா என்பதற்குச் சொல்லாது. நான் இருந்த அணி ஒன்றில், முழுக்க டெஸ்ட் எழுதிய ஒரு அறிக்கைப் பகுதியை வாடிக்கையாளர் ஒருநாளும் திறக்கவே இல்லை. இரண்டு வாரத்துக்கு ஒருமுறை ஸ்க்ரமின் ரிவ்யூ கூட்டத்தில் காட்டியிருந்தால் அது முதல் மாதத்திலேயே தெரிந்திருக்கும். நிரலில் 80 சதவீதத்தை டெஸ்ட்கள் தொட வேண்டும் என்று மேலிருந்து கட்டளை வரும்போது எதையும் சரிபார்க்காத டெஸ்ட்கள் முளைப்பதையும் பார்த்திருக்கிறேன்.

ஆயினும் புதிய அணியில் ஒன்றைத்தான் முதலில் தொடங்க முடியும் என்றால் நான் டெஸ்டில் தொடங்குவேன். கூட்டங்களைப் பிறகு சேர்ப்பது எளிது. டெஸ்ட் இல்லாமல் மூன்று ஆண்டு வளர்ந்த நிரலில் டெஸ்டைப் பிறகு சேர்ப்பது அப்படி எளிதல்ல.

இரண்டும் சேரும் இடத்தை ஸ்க்ரமே ஒதுக்கி வைத்திருக்கிறது. "முடிந்தது" என்றால் என்ன என்பதை அணி எழுதிவைக்க வேண்டும் என்கிறது அதன் கையேடு. என்ன எழுதுவது என்பது அணியின் பொறுப்பு. பைசா விவகாரத்துக்குப் பிறகு எங்கள் பட்டியலில் ஒரு வரி சேர்த்தோம்: பிழையைச் சரிசெய்யுமுன் அதைக் காட்டும் டெஸ்ட் எழுதி, அது தோற்பதைப் பார்த்திருக்க வேண்டும். அடுத்த இரண்டு ஸ்பிரின்ட்களில் நாங்கள் எடுத்த ஸ்டோரிகள் குறைந்தன. குறையும் என்று பிராடக்ட் ஓனரிடம் முன்பே சொல்லியிருந்தோம். அவர் கேட்டது ஒன்றே ஒன்றுதான்: அந்த ஆறு வரி டெஸ்டைத் தனக்கும் ஒருமுறை ஓட்டிக் காட்ட முடியுமா என்று.