ஒரு குடம் நல்ல தண்ணீர்

வாலாஜாபாத்தில் கடல் இல்லை. பாலாறு உண்டு, அதிலும் வருஷத்தில் பத்து மாதம் மணல்தான் உண்டு. அப்படிப்பட்ட ஊரில் பிறந்தவன் படகு இஞ்சினைப் பற்றி எழுத வந்தால், "இவனுக்கு இது எதற்கு?" என்று வாசகர்கள் கேட்பது நியாயமே. ஆனால் நான் முதன்முதலாக இஞ்சின் என்ற பிராணியோடு பழகியது அந்த மணல் ஆற்றங்கரையில்தான்.

என் சிற்றப்பாவுக்கு ஆற்றோரத்தில் மூன்று ஏக்கர் நிலமும் ஒரு கிணறும் இருந்தன. 1958ல் அவர் கவலை மாடுகளை விற்றுவிட்டு ஒரு ஆயில் இஞ்சின் வாங்கினார். 5 குதிரை சக்தி, ஒற்றைச் சிலிண்டர், நிமிஷத்துக்கு 1500 சுற்று. பீட்டர் ஜாதி என்பார்கள். பீட்டர் என்றதும் யாரோ பாதிரியாரின் பெயர் என்று என் பாட்டி நினைத்துக் கொண்டிருந்தாள். உண்மையில் அது இங்கிலாந்தில் இயோவில் என்ற ஊரில் இஞ்சின் செய்த குடும்பத்தின் பெயர். இன்னொரு ஜாதி லிஸ்டர். 1929ல் வந்த அதன் டீசல் மாதிரி, நிமிஷத்துக்கு 650 சுற்றுக்கு மேல் போகாமல், கோயில் யானை மாதிரி நிதானமாக நடக்கும். அதைப் பார்த்து ராஜ்கோட்டில் பட்டறைக்காரர்கள் எத்தனையோ ஆயிரம் செய்து நாடு முழுவதும் அனுப்பினார்கள். புனாவில் கிர்லோஸ்கர் ஆயில் இஞ்சின் கம்பெனி 1946ல் தொடங்கிற்று. சுதந்திரம் வந்து பத்துப் பதினைந்து வருஷங்களுக்குள் செங்கற்பட்டு ஜில்லாவின் கிணற்று மேடுகளில் எல்லாம் 'டப் டப்' என்ற சத்தம் கேட்கத் தொடங்கியது இப்படித்தான்.

இஞ்சினோடு ஒரு மெக்கானிக்கும் வேண்டுமே! அவர் காஞ்சிபுரத்திலிருந்து ரயிலில் வர வேண்டும். வருகிற கூலி ஒரு மூட்டை நெல்லின் விலை. இரண்டு தடவை வந்து போன பிறகு சிற்றப்பா ஒரு முடிவுக்கு வந்தார். அவருடைய சம்பந்தி வீட்டார் பட்டு நெசவுக்காரர்கள். "தறி நின்றால் நெசவுக்காரன் தச்சனுக்குச் சொல்லி அனுப்பிவிட்டுத் திண்ணையில் உட்கார்ந்திருக்கிறானா? தானே குனிந்து பார்க்கிறான். நான் மட்டும் எதற்கு உட்கார வேண்டும்?" என்றார். அடுத்த முறை மெக்கானிக் வந்தபோது பக்கத்திலேயே உட்கார்ந்து, கழற்றிய ஒவ்வொரு சாமானையும் ஒரு கிழிந்த வேட்டியின் மேல் வரிசையாக அடுக்கச் செய்து, என்னைக் கொண்டு நோட்டுப் புத்தகத்தில் படம் போட வைத்தார். எனக்கு அப்போது ஒன்பது வயது. நாசிலின் படம் பம்பரம் மாதிரி வந்திருந்தது.

அவர் எனக்குக் கற்றுக் கொடுத்த முதல் பாடம் ஹேண்டில் சுற்றுவது. "டேய், கட்டைவிரலைச் சுற்றிப் பிடிக்காதே. நாலு விரலோடு அதையும் சேர்த்து வை. மிஷின் திருப்பி உதைத்தால் கை தானாக நழுவ வேண்டும்." டீகம்ப்ரஷன் லீவரைத் தூக்கிவிட்டுச் சுற்ற வேண்டும், சக்கரம் வேகம் பிடித்ததும் லீவரைக் கீழே தள்ள வேண்டும், உள்ளே அடைபட்ட காற்று நெருக்குண்டு சூடேற, அதில் டீசல் பீய்ச்சியதும் தானே பற்றிக்கொள்ளும். தீக்குச்சியும் வேண்டாம், மின்பொறியும் வேண்டாம். இந்த யுக்தியை 1897ல் ஆக்ஸ்பர்க் நகரத்தில் நடத்திக் காட்டிய ருடால்ப் டீசல், 1913 செப்டம்பர் 29ந் தேதி இரவு, இங்கிலாந்து போகும் கப்பலிலிருந்து காணாமற் போனார். விழுந்தாரா, குதித்தாரா என்று இன்றுவரை தர்க்கம் நடக்கிறது. தன் பெயரைத் தாங்கிய இஞ்சின் எத்தனை லட்சம் பேரைக் கடலிலிருந்து கரை சேர்க்கப் போகிறது என்பதைப் பார்க்க அவருக்குக் கொடுத்து வைக்கவில்லை.

எங்கள் தோட்டத்துக்குப் பிறகு மின்சாரம் வந்தது. 1966ல் ஆயில் இஞ்சினைப் பழைய இரும்புக்காரர் ஒருவர் வண்டியில் ஏற்றிக்கொண்டு போனார். சிற்றப்பா கொல்லைப்புறமாகப் போய் நின்றுகொண்டார். மாடுகளை விற்றபோதுகூட அவர் அப்படிச் செய்யவில்லை.

பாலாறு எங்கள் ஊரைத் தாண்டித் திருமுக்கூடலில் செய்யாற்றையும் வேகவதியையும் சேர்த்துக்கொள்கிறது. அங்கே கோயிலில் வீரராஜேந்திர சோழன் காலத்துக் கல்வெட்டு ஒன்று இருக்கிறது. 15 படுக்கைகள் கொண்ட ஆஸ்பத்திரி, வைத்தியர், மருந்துகளின் பெயர் எல்லாம் அதில் வெட்டியிருக்கிறது. பதினோராம் நூற்றாண்டு மனிதனுக்கு ஆஸ்பத்திரி இருந்தது. இருபதாம் நூற்றாண்டு இஞ்சினுக்கு அதே வட்டாரத்தில் இல்லை! ஆறு பிறகு வாயலூர் அருகே கடலில் விழுகிறது. பக்கத்திலேயே சதுரங்கப்பட்டினம்; டச்சுக்காரர்கள் கோட்டை கட்டித் துணி ஏற்றுமதி செய்த துறை.

அந்தக் கரையில் இஞ்சின் சுலபமாக வந்து சேரவில்லை. காரணம் மீனவரின் பிடிவாதம் அல்ல, அலை. துறைமுகம் இல்லாத மணற்கரையில் அலையோடு அலையாக ஓடி வந்து தரை தட்ட வேண்டும். கட்டுமரத்துக்கு அது விளையாட்டு. அடியில் விசிறி தொங்கும் படகுக்கோ முதல் தட்டலிலேயே தண்டு வளைந்துவிடும். 1979ல் சென்னையைத் தலைமையிடமாக வைத்துத் தொடங்கிய வங்காள விரிகுடாத் திட்டத்தின் நிபுணர்கள் பல வருஷம் மண்டையை உடைத்துக்கொண்டது இந்த ஒரு விஷயத்துக்காக. கரை நெருங்கும்போது இஞ்சினையும் விசிறியையும் சேர்த்தே மேலே தூக்கிவிடும் ஓர் ஏற்பாட்டை அவர்கள் செய்து பார்த்தார்கள்.

அதற்கு முன்பே பெரிய ஏற்பாடுகள் நடந்திருந்தன. 1952ல் கையெழுத்தான இந்திய நார்வே ஒப்பந்தத்தின்படி, கொல்லத்துக்குப் பக்கத்தில் நீண்டகரையில் நார்வேக்காரர்கள் வந்து இறங்கினார்கள். அங்கிருந்த வள்ளங்களில் இஞ்சின் வைக்கப் பார்த்தார்கள். சரிப்படாமல் புதுப் படகுகளையே கட்டினார்கள். சென்னை மாகாணத்திலும் மீன்துறை 'பாப்லோ' என்ற சிறு விசைப்படகுகளைக் கொடுத்தது. பயிற்சி நிலையங்கள் வைத்து மீனவர் பிள்ளைகளுக்கு இஞ்சின் ஓட்டக் கற்றுக் கொடுத்தது. இதெல்லாம் நல்ல காரியம்தான். ஆனால் இறாலுக்கு வெளிநாட்டில் விலை ஏறியதும் கதை திரும்பிவிட்டது. பணம் உள்ளவர் வாங்கிய இழுவைப் படகுகள் கரையோரத்திலேயே வலையை இழுத்தன. கட்டுமரக்காரர் வலைகள் அறுந்தன. 1970களின் பிற்பகுதியில் கடலில் அடிதடியும் தீவைப்பும் நடந்தன. கரையிலிருந்து 3 கடல் மைலுக்குள் விசைப்படகு வரக்கூடாது என்று 1983ல் தமிழ்நாட்டில் சட்டம் வந்தது.

இந்தப் பெரிய சரித்திரத்துக்கு நடுவில், யாரும் எழுதி வைக்காத சின்னச் சரித்திரம் ஒன்றும் நடந்தது. அதை நான் 1984ல் மல்லிப்பட்டினத்தில் பார்த்தேன்.

சரபோஜி மன்னர் நெப்போலியனின் தோல்வியைக் கொண்டாடக் கட்டிய மனோரா கோபுரத்தைப் பார்க்கப் போயிருந்தேன். தஞ்சாவூர் ராஜாவுக்கு நெப்போலியனோடு என்ன சண்டை என்று யோசித்துக்கொண்டு நின்றபோது, கடல் பக்கமிருந்து 'டப் டப்' என்ற சத்தம் வந்தது. சிற்றப்பாவே ஆற்றங்கரையிலிருந்து கூப்பிட்ட மாதிரி இருந்தது எனக்கு. பாக் ஜலசந்தியில் அலை இல்லை, சேறுதான். அதனால் வள்ளத்தில் இஞ்சின் வைக்க வசதி. சத்தத்தைத் தொடர்ந்து போனால், ஒரு பழைய வள்ளத்தின் நடுவில், தேக்குக் கட்டைமேல் போல்ட் போட்டு, எங்கள் தோட்டத்து இஞ்சினின் கூடப்பிறந்தது உட்கார்ந்திருந்தது! இறைவை இஞ்சின்தான். கிணற்றுத் தண்ணீருக்குப் பதில் கடல் தண்ணீர் அதைக் குளிர வைத்தது.

வள்ளத்துக்குச் சொந்தக்காரர் ஒரு பெரியவர். அவர், இரண்டு மகன்கள், ஒரு மைத்துனர், இவர்கள்தாம் ஆட்கள். "பாய், இதை எங்கே வாங்கினீர்கள்?" என்று கேட்டேன். "பட்டுக்கோட்டைப் பக்கம் ஒரு தோப்பில் தம்பி. கரண்ட் வந்ததும் அவங்களுக்கு வேண்டாமப் போச்சு. எனக்கு வேண்டியிருந்துச்சு" என்றார்.

அன்று மாலை முழுவதும் அங்கேயே உட்கார்ந்துவிட்டேன். கரை திரும்பியதும் அவர்கள் முதலில் கவனித்தது மீனை அல்ல, இஞ்சினைத்தான். கடல் தண்ணீர் ஓடிய குழாய்க்குள் உப்புப் பூக்கும்; பூத்தால் வழி அடையும்; அடைந்தால் சூடேறி ஹெட்டு வெடிக்கும். ஆகையால் வந்தவுடன் நல்ல தண்ணீர் ஊற்றி ஓட்டிக் கழுவ வேண்டும். நல்ல தண்ணீர் எங்கே இருக்கிறது? வீட்டில். அதைக் கொண்டு வந்தவர் வீட்டு அம்மாள். ஒன்றரை மைல் நடந்து சுமந்த தண்ணீர். "சோறு பொங்க ஒரு குடம், இந்த மூதேவிக்கு ஒரு குடம்" என்று சொல்லிக்கொண்டே இறக்கி வைத்தார். ஆனால் புனலைப் பிடித்து, ஒரு சொட்டும் சிந்தாமல் ஊற்றியதும் அவரேதான்.

மூத்த மகன் அளவுகோலை உருவி, எண்ணெயை இரு விரலால் தேய்த்துப் பார்த்தான். கறுப்பாக இருந்தால் பயமில்லை; மோர் மாதிரி வெளுத்திருந்தால் உள்ளே தண்ணீர் புகுந்துவிட்டது, கேஸ்கட் போயிற்று என்று அர்த்தம். டீசலை வேட்டித் துணியில் இரண்டு தரம் வடிகட்டித்தான் ஊற்றினார்கள். விசிறித் தண்டு வள்ளத்தைத் துளைத்துக்கொண்டு வெளியே போகும் இடத்தில் தண்ணீர் கசியாமலிருக்கக் கிரீஸில் ஊறிய பருத்திக் கயிற்றைச் சுற்றி அடைத்திருந்தார்கள். அதை மிகவும் இறுக்கவும் கூடாதாம். சொட்டுச் சொட்டாகக் கசிந்தால்தான் தண்டு சூடேறாமல் இருக்கும். நான் கேட்ட இஞ்சின் சாஸ்திரத்திலேயே எனக்கு அதிகம் பிடித்த வாக்கியம் அதுதான்.

இதையெல்லாம் யார் சொல்லிக் கொடுத்தார்கள்? யாரும் இல்லை, நஷ்டம்தான் சொல்லிக் கொடுத்தது. முதல் வருஷம் இஞ்சின் அடிக்கடி நின்றது. நகரத்தில் ஒரு கடைக்குக் கொண்டு போனார்கள். டீசல் பம்பே போய்விட்டது என்று சொல்லி, கடன் வாங்க வைத்துப் புதுப் பம்பு மாட்டினார்கள். அப்படியும் நின்றது. கடைசியில் மூத்த மகனே குழாயின் இணைப்பு ஒவ்வொன்றாகத் துடைத்துவிட்டு விரலை வைத்துப் பார்த்திருக்கிறான். ஓரிடத்தில் ஈரம். காலணா அளவுச் செப்பு வாஷர் ஒன்று தட்டையாகித் தேய்ந்திருந்தது. டீசல் வெளியே கசிந்த வழியாகக் காற்று உள்ளே போயிருக்கிறது. பம்பின் கடன் அடைய மூன்று வருஷம் ஆயிற்று. அதற்குப் பிறகு அந்த வள்ளத்தின் ஸ்பானரை வெளியாள் தொட்டதில்லை.

"நடுக்கடலில் நின்றால் என்ன, பாய் கட்டி வர முடியாதா?" என்று நான் ஒரு பட்டணத்துக் கேள்வி கேட்டேன். பெரியவர் கிழக்கே கையைக் காட்டினார். அந்தக் கடலில் 1974ல் இரண்டு சர்க்கார்களும் ஒரு கோடு போட்டன. 1983க்குப் பிறகு அந்தக் கோட்டுக்குப் பக்கத்தில் துப்பாக்கிகள் வெடிக்கத் தொடங்கின. கச்சான் காற்று அடிக்கும் மாதங்களில், நின்றுபோன படகைக் காற்றும் நீரோட்டமும் அந்தப் பக்கமாகத்தான் தள்ளும். இஞ்சின் வேண்டுமென்று நிற்கவில்லை என்பதை இருட்டில் யாருக்குச் சொல்வது?

நான் போன இரண்டாம் நாள் என்னையும் ஏற்றிக்கொண்டார்கள். விடிய மூன்று நாழிகை இருக்கும். சத்தம் இருமியது, திக்கியது, நின்றது. ஒருவரும் பேசவில்லை. மைத்துனர் நங்கூரக் கல்லைப் போட்டார். மூத்தவன் டார்ச்சைப் பல்லில் கடித்துக்கொண்டு குனிந்தான். பில்டரின் மேல் திருகைத் தளர்த்தினான், நுரை வந்தது, நுரை அடங்கிச் சுத்தமான டீசல் வரும்வரை பம்பைக் கையால் அடித்தான், திருகை இறுக்கினான். பிறகு பம்புக்குப் பக்கத்து இணைப்பு. பிறகு நாசிலுக்குப் போகும் குழாய். மூன்று இடத்திலும் காற்று. "அத்தா, வாஷர்" என்றான். பெரியவர் இடுப்பிலிருந்து வெற்றிலைச் சுண்ணாம்பு டப்பியை எடுத்தார். அதற்குள் சுண்ணாம்பு இல்லை. அடுப்பில் சிவக்கக் காய்ச்சித் தண்ணீரில் போட்டு மெத்தென்று ஆக்கிய செப்பு வாஷர்கள் ஆறு இருந்தன.

லீவரைத் தூக்கிக்கொண்டு இளையவன் ஹேண்டிலைப் பிடித்தான். எனக்கு வாய் அடங்கவில்லை. "தம்பி, கட்டைவிரல்!" என்று கத்திவிட்டேன். அவன் நிமிர்ந்து என்னைப் பார்த்தான். கட்டைவிரல் ஏற்கனவே சரியான இடத்தில்தான் இருந்தது. "சார் ஊரிலேயும் கடல் இருக்கா?" என்று கேட்டான்.

இல்லை என்று சொல்வதற்குள் இஞ்சின் பிடித்துக்கொண்டது.

2004 டிசம்பர் 26க்குப் பின் நாகப்பட்டினம் பக்கம் போனேன். சுனாமி புரட்டிப் போட்ட படகுகளுக்கு இடையே இஞ்சின்கள் மணலில் கிடந்தன. உப்புத் தண்ணீரில் முங்கிய இஞ்சினை அன்றே நல்ல தண்ணீரில் கழுவி, எண்ணெயை வடித்து, சுழற்றி வைத்தால் பிழைக்கும். நாலு நாள் விட்டால் பிஸ்டன் சிலிண்டரோடு துருப்பிடித்து ஒட்டிக்கொள்ளும். ஆனால் பிணங்களைத் தேடுகிறவர்கள் இஞ்சினை எப்படித் தேடுவார்கள்? தர்ம ஸ்தாபனங்கள் புதுப் படகும் புது இஞ்சினும் நிறையக் கொடுத்தன. சில ஊர்களில் ஆளுக்கு மிஞ்சியே கொடுத்தன.

ஒரு குடிசை வாசலில் மட்டும், நடுத்தர வயதுப் பெண் ஒருத்தி, நிவாரண லாரி கொண்டு வந்த தண்ணீரில் ஒரு பிளாஸ்டிக் குடத்தை, தலைகீழாகக் கிடந்த பழைய இஞ்சினின் மேல் மெதுவாக ஊற்றிக்கொண்டிருந்தாள். பக்கத்தில் ஒரு பையன் துணியை விரித்து நட்டுகளை வரிசையாக அடுக்கிக்கொண்டிருந்தான். லாரிக்காரர், "குடிக்கிற தண்ணீரம்மா அது!" என்றார். அவள் குடத்தை நிமிர்த்தவில்லை.