மேஸ்திரியின் சொல்லிலிருந்து சிஸ்கோ சான்றிதழ் வரை: புளியந்தோப்பில் தொழில்திறனுக்குச் சான்று தந்தவர்கள்

பிளஸ் டூவோ ஐ.டி.ஐ.யோ டிப்ளமோவோ முடித்துவிட்டு நெட்வொர்க்கிங் வேலைக்குப் போக விரும்பும் வட சென்னை இளைஞர் முதலில் கேட்பது ஒன்றுதான்: எந்தச் சான்றிதழை எடுப்பது? சி.சி.என்.ஏ.வா, நெட்வொர்க் பிளஸ்ஸா, பயிற்சி மையம் சொந்தமாகத் தரும் ஆறு மாத டிப்ளமோவா? விளம்பரங்களில் இதற்கு விடைகள் குவிந்து கிடக்கின்றன. வரலாற்றிலும் ஒரு விடை உண்டு. அதை எவரும் தேடிப் பார்ப்பதில்லை.

புளியந்தோப்பு, ஓட்டேரி, பெரம்பூர், வியாசர்பாடி என்று தொடரும் இந்த நிலப்பரப்பில் “இவனுக்கு வேலை தெரியும்” என்று சொல்லும் அதிகாரம் யாரிடம் இருந்தது? வேலையைக் கற்கும் காலத்துக்கான செலவை யார் சுமந்தார்கள்? இந்த இரண்டு கேள்விகளைப் பற்றிக்கொண்டு சுமார் 150 ஆண்டுகளை இக்கட்டுரை பின்தொடர்கிறது. சான்றளிக்கும் அதிகாரம் மேஸ்திரியிடமிருந்து அரசுக்கும், பிறகு கருவி விற்கும் நிறுவனத்துக்கும் கைமாறியது. இந்தக் கைமாற்றங்களின் போக்கில் பயிற்சிச் செலவு முதலாளியின் கணக்கிலிருந்து கற்பவரின் வீட்டுக் கணக்குக்கு நகர்ந்தது. இந்த நகர்வை அறியாமல் சான்றிதழைத் தேர்ந்தெடுப்பவர் தேவைக்கு மேல் பணம் கட்டுகிறார் என்பதே என் வாதம்.

ஆலையும் பணிமனையும்

பக்கிங்காம் ஆலை 1876-இலும் கர்நாடிக் ஆலை 1881-இலும் தொடங்கின. 1920-இல் இரண்டும் ஒரே கம்பெனியாயின. ‘பி அண்டு சி மில்’ என்ற பெயரை இப்பகுதியின் மூத்த தலைமுறை இன்றும் உறவினர் பெயரைப்போல உச்சரிக்கிறது. அங்கே தறியில் நிற்க எழுத்துத் தேர்வு எதுவும் கிடையாது. மேஸ்திரி கூட்டிவந்தால் வேலை. அப்பாவோ அண்ணனோ உள்ளே இருந்தால் இன்னும் எளிது. கற்பது வேலையிடத்திலேயே நடந்தது. அதற்காகத் தொழிலாளி யாருக்கும் கட்டணம் கட்டவில்லை.

ஆனால் அந்தத் திறனுக்குக் காகிதம் இல்லை. பத்தாண்டு தறி ஓட்டியவர் வேறொரு ஆலை வாசலுக்குப் போனால், அங்கிருக்கும் மேஸ்திரியின் தயவே மீண்டும் வேண்டும். நுழைவு முழுக்கவும் ஆளையும் உறவையும் சாதியையும் பற்றி நின்றது. 1918 ஏப்ரல் 27 அன்று பி.பி. வாடியாவைத் தலைவராகக் கொண்டு சென்னைத் தொழிலாளர் சங்கம் உருவானபோது, திரு.வி.க.வும் செல்வபதி செட்டியாரும் இராமானுஜலு நாயுடுவும் அதில் துணை நின்றார்கள். சங்கம் கூலியையும் வேலை நேரத்தையும் மரியாதையையும் பேசியது. 1921 வேலைநிறுத்தத்தில் ஆதி திராவிடத் தொழிலாளர்களில் பெரும்பாலோர் ஆலைக்குள் போக, மற்றவர்கள் வெளியே நிற்க, புளியந்தோப்பில் மோதலும் குடிசை எரிப்பும் போலீஸ் துப்பாக்கிச்சூடும் நிகழ்ந்தன. தொழில் தகராறு சாதித் தகராறாக மாறியதற்கு வரலாற்றாசிரியர்கள் பல காரணங்கள் சொல்கிறார்கள். வேலைக்கான தகுதியை ஆளைச் சாராத ஒரு சான்றால் நிறுவ வழியில்லாத தொழிலமைப்பையும் அவற்றோடு சேர்க்க வேண்டும் என்று கருதுகிறேன்.

இரயில்வே இதில் சற்று மாறுபட்டது. 1856 ஜூலை 1 அன்று இராயபுரத்திலிருந்து முதல் இரயில் புறப்பட்ட அதே காலத்தில் பெரம்பூரில் பணிமனை எழுந்தது. 1955-இல் இரயில் பெட்டித் தொழிற்சாலையான ஐ.சி.எஃப். வந்தது. பணிமனைகளில் ‘அப்ரண்டிஸ்’ என்ற முறை வேரூன்றியது. கற்பவருக்கும் உதவித்தொகை உண்டு, கற்ற காலத்துக்கும் கணக்கு உண்டு.

அரசின் முத்திரை

விடுதலைக்குப் பின் 1950-இல் கைவினைஞர் பயிற்சித் திட்டம் வந்தது, ஐ.டி.ஐ.க்கள் பெருகின. 1956-இல் தேசிய தொழிற்பயிற்சிக் குழு அமைந்தது. ஃபிட்டர், டர்னர், எலக்ட்ரீஷியன் என்ற தொழில்களுக்கு நாடெங்கும் ஒரே பாடத்திட்டம், ஒரே தேர்வு, ஒரே முத்திரை கிடைத்தன. 1961 அப்ரண்டிஸ் சட்டம் இதை முழுமையாக்கியது: தொழிற்சாலை பயிற்சியாளரைச் சேர்த்தாக வேண்டும், உதவித்தொகை தந்தாக வேண்டும். பெரம்பூரில் வாங்கிய சான்றிதழ் எண்ணூரிலும் செல்லும், பிலாயிலும் செல்லும். மேஸ்திரியின் வாய்ச்சொல்லுக்கு இல்லாத வலிமை இது. இந்த நூற்றைம்பது ஆண்டுகளில் உழைப்பவருக்கு மிகவும் சாதகமாக இருந்த ஏற்பாடு இதுவே என்று தயங்காமல் சொல்லலாம். சான்று அரசிடம் இருந்தது, செலவு கற்பவரிடம் இல்லை, காகிதத்துக்குக் காலாவதித் தேதியும் இல்லை.

இதன் பக்கத்திலேயே வேறொரு மரபும் வளர்ந்தது. தட்டச்சுப் பயிற்சி நிலையங்களைக் குறித்து நம் கல்வி வரலாறுகள் ஏனோ பேசுவதில்லை. மாடிப்படி ஏறினால் வரிசையாக ரெமிங்டன் இயந்திரங்கள், காலையும் மாலையும் ஒரு மணி நேர ‘பேட்ச்’, ஆங்கிலம் லோயருக்கு நிமிடத்துக்கு 30 சொல், ஹையருக்கு 45. மாதக் கட்டணம் தனியாருக்கு. தேர்வை நடத்துவது அரசின் தொழில்நுட்பக் கல்வித் துறை. சொல்லிக்கொடுப்பவரும் சோதிப்பவரும் வெவ்வேறு ஆட்கள். அதனால் நிலையம் எவ்வளவு சுமாராக இருந்தாலும் சான்றிதழின் மதிப்பு குறையவில்லை. பி அண்டு சி தொழிலாளியின் மகள் ஹையர் முடித்து அரசு அலுவலகத்தில் தட்டச்சராக அமர முடிந்தது இந்தப் பிரிவினையால்தான். கட்டணம் குடும்பத்தின் தலையில் ஏறத் தொடங்கியதும் இங்கேதான். ஆனால் அது மாதச் சம்பளத்தில் தாங்கக்கூடிய தொகையாக இருந்தது.

1995, 1996

1995 ஆகஸ்ட் 15 அன்று வி.எஸ்.என்.எல். பொதுமக்களுக்கான இணையச் சேவையைத் தொடங்கியது. முதல் நகரங்களில் சென்னையும் ஒன்று. 1996-இல் பி அண்டு சி மில் மூடப்பட்டது. ஒன்று மற்றொன்றுக்குக் காரணமல்ல. ஆனால் புளியந்தோப்பில் ஒரு தலைமுறை இந்த இரண்டுக்கும் நடுவே வளர்ந்து ஆளானது. அப்பாவின் வேலை மகனுக்குக் கிடைக்கும் என்ற நம்பிக்கை ஆலையோடு போனது.

அந்த இடத்தில் வந்தவை கம்ப்யூட்டர் சென்டர்கள். 1981-இல் தொடங்கிய என்.ஐ.ஐ.டி.யும் 1986-இல் தொடங்கிய ஆப்டெக்கும் நடுத்தர வர்க்கத்தைப் பிடித்தன. சென்னையில் எஸ்.எஸ்.ஐ.யும் சி.எஸ்.சி.யும் தெருவுக்குத் தெரு கிளை விரித்தன. வானொலிப் பெட்டியில் தொடங்கிய ஜெட்கிங் ஹார்டுவேர், நெட்வொர்க்கிங் பயிற்சிக்கு மாறியது. தட்டச்சு நிலையத்தின் நல்ல குணம் இங்கேதான் தொலைந்தது. பாடம் நடத்துபவரே தேர்வும் வைத்தார், சான்றிதழும் அச்சடித்தார். மத்திய அரசு 1990-இல் டி.ஓ.இ.ஏ.சி.சி. திட்டத்தை, அதன் ‘ஓ’ லெவல், ‘ஏ’ லெவல் தேர்வுகளைக் கொண்டுவந்து கற்பித்தலையும் சோதித்தலையும் மறுபடி பிரிக்க முயன்றது. ஆனால் தனியார் டிப்ளமோக்களின் பெருக்கத்துக்கு முன் அத்திட்டத்தால் தலைநிமிர முடியவில்லை.

கருவி விற்பவரே தேர்வாளர்

நெட்வொர்க்கிங் சான்றிதழ்களின் பிறப்பு வேறு வகை. 1980-களின் இறுதியில் அமெரிக்காவின் நோவெல் நிறுவனம் தன் நெட்வேர் மென்பொருளை நிறுவத் தெரிந்தவர்களுக்கு சி.என்.இ. சான்றிதழ் தந்தது. மைக்ரோசாஃப்ட் 1992-இல் தொடர்ந்தது. சிஸ்கோ 1993-இல் மிகக் கடினமான சி.சி.ஐ.இ.யை முதலில் வைத்து, 1998-இல்தான் தொடக்கநிலையினருக்கு சி.சி.என்.ஏ.வைத் தந்தது. எந்த நிறுவனத்தின் கருவியையும் சாராத காம்ப்டியா அமைப்பு 1999-இல் நெட்வொர்க் பிளஸ்ஸைக் கொண்டுவந்தது. இவை பாடம் நடத்துபவரிடமிருந்து தேர்வைப் பிரித்து, தனித் தேர்வு மையத்துக்குக் கொண்டுபோயின. தட்டச்சுத் தேர்வின் நேர்மை ஒரு வகையில் திரும்பி வந்தது. ஆனால் தேர்வாளர் இப்போது அரசு அல்ல, பெரும்பாலும் கருவி விற்பவர்.

இதன் விளைவு ஒன்றைப் பலரும் பட்டுத்தான் அறிந்தார்கள். பொருள் வழக்கொழிந்தால் சான்றிதழும் ஒழியும். நோவெலின் சந்தை விண்டோஸ் என்.டி. வந்தபின் சரிந்தது, சி.என்.இ.யின் மதிப்பும் கூடவே போனது. சென்னையின் பயிற்சி மையங்களை 2000-ஐ ஒட்டிய ஆண்டுகளில் ஆண்ட எம்.சி.எஸ்.இ. என்ற தன் சான்றிதழை மைக்ரோசாஃப்ட் 2021 ஜனவரி 31 அன்று முடித்துவைத்தது. காம்ப்டியா சான்றிதழ்கள் ஒரு காலத்தில் வாழ்நாள் முழுதும் செல்லுபடியாயின; 2011 முதல் அவற்றுக்கும் மூன்றாண்டுக் கெடு வந்தது. சி.சி.என்.ஏ.வும் மூன்றாண்டுக்குத்தான். ஐ.டி.ஐ. சான்றிதழை அலமாரியில் வைத்துவிட்டு முப்பது ஆண்டு வேலை பார்த்தவரின் பேரன், மூன்றாண்டுக்கு ஒருமுறை தன் தகுதியைப் புதுப்பிக்க வேண்டியிருக்கிறது.

இன்னொரு சேதம் ‘டம்ப்ஸ்’. தேர்வில் வந்த கேள்விகளைக் கசியவிட்டு, விடையோடு மனப்பாடம் செய்யவைக்கும் வியாபாரம் இது. இதனால் தாளில் தேர்ச்சியும் கையில் சூனியமுமாக ஒரு கூட்டம் உருவானது. நேர்காணல் நடத்துபவர்கள் சான்றிதழைப் பார்த்து நம்புவதை நிறுத்தி, கணினி முன் உட்காரவைத்துச் செய்யச் சொன்னார்கள்.

எவை நிலைத்தன

சான்றிதழ்கள் வந்து போனாலும் அவற்றின் அடியிலிருந்த பாடம் பெரிதாக மாறவில்லை. இன்றைய இணைய நெறிமுறையின் அடிப்படை ஆவணம் 1981-இல் வந்தது. அதன் முகவரிக் கணக்கையே இன்றும் நேர்காணலில் கேட்கிறார்கள். 192.168.10.0 என்ற நெட்வொர்க்கை /26 என்று பிரித்தால் ஒரு துண்டில் எத்தனை முகவரி? 32 பிட்டில் 26 போக மீதி 6. இரண்டின் ஆறாம் அடுக்கு 64. நெட்வொர்க்குக்கு ஒன்று, பிராட்காஸ்டுக்கு ஒன்று கழிந்தால் கருவிகளுக்கு 62. முதல் துண்டு 0 முதல் 63 வரை, அடுத்தது 64-இல் தொடங்கும். இதைக் காகிதமும் பேனாவும் இல்லாமல் சொல்ல முடிந்தவரை டம்ப்ஸ் படித்தவரிடமிருந்து ஒரே நிமிடத்தில் பிரித்துவிடலாம்.

கைவேலையும் அப்படித்தான். ரிச்சி தெருவில் வாங்கிய ஆர்.ஜே.45 கனெக்டரில் எட்டு இழைகளைச் செருக வேண்டும்: வெள்ளை-ஆரஞ்சு, ஆரஞ்சு, வெள்ளை-பச்சை, நீலம், வெள்ளை-நீலம், பச்சை, வெள்ளை-பழுப்பு, பழுப்பு. முறுக்கை அளவுக்கு மேல் அவிழ்த்துவிட்டால் டெஸ்டரில் எட்டு விளக்கும் எரியும். ஆனால் வேகம் கூடும்போது தரவு தடுமாறும். கேபிளின் வெளியுறை கிளிப்புக்கு வெளியே நின்றுவிட்டால் சில மாதங்களில் இழை பிய்ந்து, பழுது எங்கே என்று தெரியாமல் ஆள் அலைவார். பெரம்பூர் பணிமனை ஃபிட்டருக்கு இருந்த அதே கைப்பக்குவம் இது.

2020 பிப்ரவரி 24 முதல் சி.சி.என்.ஏ. பல பிரிவுகளாக இல்லாமல் ஒரே தேர்வாகச் சுருங்கியது. அதில் அடிப்படைகளுக்கு 20 விழுக்காடு, சுவிட்ச் சார்ந்த அணுகலுக்கு 20, ரூட்டிங்குக்கு 25. ஏறத்தாழ மூன்றில் இரண்டு பங்கு பழைய நிலைத்த பாடமே. அதனால் இது நிறுவனச் சான்றிதழாக இருந்தாலும், எம்.சி.எஸ்.இ.யைப்போல ஒரு பொருளோடு சேர்ந்து எளிதில் சாகாது என்று மதிப்பிடலாம். எழுத முன்தகுதி எதுவும் கேட்பதில்லை. பட்டமோ, தந்தை பெயரோ, எந்த ஏரியா என்பதோ தேர்வு மையத்தில் பொருட்டல்ல. முகவரியைக் கேட்டதும் முகம் மாறும் நேர்காணல்களைச் சந்தித்த புளியந்தோப்புக்காரருக்கு இதன் அருமை தெரியும். 1921-இல் இல்லாத, ஆளைச் சாராத சான்று என்பது இதுதான்.

விலை மட்டும் உறுத்துகிறது. தேர்வுக் கட்டணம் 300 டாலர். வரியோடு 25,000 ரூபாயைத் தாண்டும். தோற்றால் மறுபடி முழுத் தொகை. பயிற்சி மையக் கட்டணம் தனி.

வரிசை

ஆகவே, எந்தச் சான்றிதழ் என்பதை விட எந்த வரிசையில் என்பதே இந்த வரலாறு எழுப்பும் கேள்வி. முதலில் காலாவதியாகாத அரசு முத்திரை: டிப்ளமோ, பட்டம், அல்லது ஐ.டி.ஐ.யில் ‘கோபா’ எனப்படும் கணினி இயக்குநர் பிரிவு. “எனி டிகிரி” என்று கேட்கும் விளம்பரங்கள் இருக்கும்வரை இதைத் தவிர்ப்பது பின்னால் பதவி உயர்வில் இடிக்கும். அந்தப் படிப்பு நடக்கும்போதே செலவில்லாத பயிற்சி. சிஸ்கோவின் பேக்கெட் டிரேசர் இலவசம். கருவி வாங்காமலே சுவிட்சும் ரூட்டரும் கோத்துப் பழகலாம். என்.பி.டி.இ.எல்.லில் ஐ.ஐ.டி. பேராசிரியர்களின் நெட்வொர்க் பாடங்களை இலவசமாகக் கேட்கலாம், 1,000 ரூபாய்க்குத் தேர்வும் எழுதலாம். /26 கணக்கு மனதில் ஓடத் தொடங்கிய பிறகே சி.சி.என்.ஏ. கட்டணத்தைக் கட்ட வேண்டும். மையங்கள் சொந்தமாக அச்சடிக்கும் டிப்ளமோவை இந்த வரிசையில் எந்த இடத்திலும் வைக்க எனக்கு நியாயம் தென்படவில்லை. நெட்வொர்க் பிளஸ் நல்ல பாடத்திட்டம்தான். ஆனால் இங்கே ஒரே ஒரு தேர்வுக்கு மட்டுமே பணம் இருப்பவர் அதை சி.சி.என்.ஏ.வுக்கு மாற்றாக எடுப்பதில் பயன் குறைவு.

செலவை முதலாளி ஏற்ற பழைய வழியும் முற்றாக அடைபடவில்லை. ஐ.சி.எஃப்.பின் அப்ரண்டிஸ் அறிவிப்புகளில் ஃபிட்டர், வெல்டருக்குப் பக்கத்தில் ‘பாசா’ என்ற கணினி நிர்வாக உதவியாளர் பிரிவும் வருகிறது. கோபா முடித்தவர்களுக்கானது, இடங்கள் வெகு குறைவு. அப்ரண்டிஸ் விதிகளின் 2019 திருத்தத்துக்குப் பின் 30 பேரோ அதற்கு மேலோ வேலை செய்யும் எந்த நிறுவனமும் 2.5 முதல் 15 விழுக்காடு வரை பயிற்சியாளர்களைச் சேர்க்கக் கடமைப்பட்டது. சென்னைத் துறைமுகத்தின் கண்டெய்னர் முனையங்களுக்கும் இது பொருந்தும், அம்பத்தூரில் எஸ்.டி.டி., என்.டி.டி. போன்றவை நடத்தும் டேட்டா சென்டர்களுக்கும் பொருந்தும். வியாசர்பாடி ஜீவாவில் மின்சார இரயில் ஏறினால் பெரம்பூர் கேரேஜ் ஒர்க்ஸ், லோகோ ஒர்க்ஸ் நிறுத்தங்களைத் தாண்டி அம்பத்தூர் அதே தடத்தில்தான் இருக்கிறது. பயிற்சி மையத்தில் முன்பணம் கட்டுவதற்கு முன், அரசின் அப்ரண்டிஸ் இணையதளத்தில் பெயரைப் பதிந்து, இந்நிறுவனங்கள் நெட்வொர்க் பணிக்கு எத்தனை இடம் அறிவித்திருக்கின்றன என்று பார்ப்பதே முதல் வேலை. அறிவிக்காத நிறுவனங்களைக் கேட்கும் பொறுப்பு தொழிற்பயிற்சித் துறைக்கும் இப்பகுதியின் தொழிற்சங்கங்களுக்கும் உண்டு.