அரிசி விலையும் அரசின் அதிகாரமும்

ஆள்பவர் நாட்டைவிட்டு ஓடினால் அது புரட்சியாகிவிடுமா? 2022 இல் கொழும்பில் வாழ்ந்தவர்களுக்கு இது ஏட்டுக் கேள்வி அன்று. ஏப்ரல் 9 ஆம் திகதி காலிமுகத்திடலில் கூடாரமடித்து அமர்ந்த 'அரகலய' (போராட்டம்) இளைஞர்களின் பின்னால் திரண்ட மக்கள், ஜூலை 9 ஆம் திகதி ஜனாதிபதி மாளிகைக்குள் நுழைந்தனர். 14 ஆம் திகதி ஜனாதிபதி கோட்டாபய ராஜபக்ஷ சிங்கப்பூரிலிருந்து பதவி விலகினார். மகத்தான வெற்றி அது. எவரும் அதைச் சிறுமைப்படுத்த வேண்டாம்.

ஆனால் 20 ஆம் திகதி பழைய நாடாளுமன்றமே 134 வாக்குகளால் ரணில் விக்கிரமசிங்கவை அந்தக் கதிரையில் அமர்த்தியது. 22 ஆம் திகதி அதிகாலை படையினர் கூடாரங்களை அகற்றினர். 1978 யாப்பு ஒரு தனிமனிதருக்கு அளித்த அதிகாரம் கைமாறியது. பின்னர் வந்த 21 ஆம் திருத்தமும் அதன் கிளைகளை வெட்டியதேயன்றி வேரைத் தொடவில்லை.

ஆள் மாறியும் அதிகாரம் மாறாதிருப்பது நமக்குப் புதிதன்று. 1953 இல் பங்கீட்டு அரிசியின் விலை கொத்துக்கு 25 சதத்திலிருந்து 70 சதமாக உயர்ந்தபோது, இடதுசாரிகள் அழைத்த ஓகஸ்ட் 12 ஹர்த்தாலில் நாடே ஸ்தம்பித்தது. அமைச்சரவை கொழும்புத் துறைமுகத்தில் நின்ற பிரித்தானியப் போர்க்கப்பலில் ஏறிக் கூடியது. ஒக்டோபரில் பிரதமர் டட்லி சேனநாயக்க பதவி விலகினார். அரிசி விலையும் குறைந்தது. ஆனால் மூன்றே ஆண்டுகளில், 1956 ஜூன் 5 ஆம் திகதி, இதே காலிமுகத்திடலில் தனிச்சிங்களச் சட்டத்தை எதிர்த்துச் சத்தியாக்கிரகம் இருந்த தமிழரசுக் கட்சியினரைக் காடையர் அடித்து விரட்டினர். ஹர்த்தால் அரிசியைக் கேட்டது. அரசு யாருடையது என்று கேட்கவில்லை. மலையகத் தமிழரின் குடியுரிமையும் வாக்குரிமையும் அதற்கு முன்பே பறிபோயிருந்தன என்பதையும் மறக்கலாகாது.

ஒடுக்குமுறையிலிருந்து விடுபடுவது வேறு, சுதந்திரத்தை நிலைநாட்டும் புதிய அமைப்பை ஆக்குவது வேறு என்று ஹன்னா ஆரெண்ட் 1963 இல் புரட்சி பற்றிய தமது நூலில் எழுதினார். பல்லினம் வாழும் இந்நாட்டில் அந்த ஆக்கத்துக்கு இன்னொரு நிபந்தனையும் உண்டு: நேற்றுவரை அரசுக்கு அஞ்சியவர் இன்று அதன் பங்காளியாக வேண்டும். 2007 ஜூன் 7 ஆம் திகதி வெள்ளவத்தை, கொட்டாஞ்சேனை விடுதிகளில் தங்கியிருந்த தமிழரைப் பொலிஸார் பேருந்துகளில் ஏற்றி வவுனியாவுக்கு அனுப்பினர். மறுநாள் உயர் நீதிமன்றம் அதைத் தடுத்தது. அப்போது பாதுகாப்புச் செயலாளராக இருந்தவர் கோட்டாபயதான். அவர் போனார், அப்படி ஆட்களை ஏற்றும் துணிவைத் தந்த அதிகாரம் போனதா? 1979 ஆம் ஆண்டின் பயங்கரவாதத் தடைச்சட்டம் 2022 ஓகஸ்டில் மாணவர் தலைவர் வசந்த முதலிகே மீதே பாய்ந்தபோது, தமிழர் பல்லாண்டு சொல்லிவந்தது தெற்கிற்கும் புரிந்திருக்கும்.

எனவே 2022 எழுச்சியின் ஆழமான கணம் மாளிகைக்குள் நிகழவில்லை என்பேன். அவ்வாண்டு மே 18 ஆம் திகதி காலிமுகத்திடலில், போரின் இறுதியில் முள்ளிவாய்க்காலில் இறந்தோருக்குச் சுடரேற்றி, கஞ்சி பகிர்ந்தனர். சிங்களவரும் முஸ்லிம்களும் அதில் கலந்துகொண்டனர். வடக்கில் பலமுறை தடுக்கப்பட்ட நினைவுகூரல் அது. அங்கே அரசின் அடித்தளமே கேள்விக்குள்ளானது.

2024 நவம்பர் நாடாளுமன்றத் தேர்தலில் தேசிய மக்கள் சக்திக்குக் கிடைத்த 159 ஆசனங்கள் மூன்றில் இரண்டுக்கும் மேல். பயங்கரவாதத் தடைச்சட்டத்தை நீக்கவும், நிறைவேற்று அதிகார ஜனாதிபதி முறையை ஒழித்து அதிகாரத்தைப் பகிரும் யாப்பை நிறைவேற்றி மக்கள் தீர்ப்புக்கு விடவும் இந்தப் பலம் போதும். காலிமுகத்திடலில் நின்றவர்கள் அதையே இப்போது கேட்க வேண்டும். தமிழரும் ஒதுங்கி நில்லாமல் சேர்ந்து கேட்க வேண்டும்.